எதையும் கவ்வும் வளையம்

பர்னபாஸ் மாமா சட்டைப் பொத்தானை மேலிருந்து வரிசையாகப் போட மாட்டார். முதலில் கழுத்துப் பொத்தான், அடுத்தது அடியில் உள்ளது. பிறகு மேலிருந்து இரண்டாவது, கீழிருந்து இரண்டாவது. நடுப் பொத்தான் கடைசி. கதவுக்குக் கீல் மாட்டினாலும், தேவாலயத்தில் ஆடுகிற பெஞ்சைச் சரிசெய்தாலும் அப்படித்தான். ஒரு திருகை ஒரேயடியாக முடுக்க மாட்டார். இங்கே கொஞ்சம், அதற்கு எதிரே கொஞ்சம். வேட்டைத் துப்பாக்கியின் மேல் குறிபார்க்கும் குழாயை, அதாவது ஸ்கோப்பை, பிடித்து நிறுத்துகிற வளையங்களைச் செய்கிறவர் அவர். வளையத்தின் திருகுகளை ஒரு பக்கமாக இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் கோணிக்கொள்ளும். கைக்குப் பழகியது சட்டைக்கும் வந்துவிட்டது. பல வருஷமாகப் பார்க்கிறேன், அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து கூச்சப்பட்டு மாற்றிக்கொள்வார் என்று தோன்றும்.

எங்கள் ஊர் ஓட்ஜோவில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் அவருடைய லேத் பட்டறை. நான் காலையில் பங்கு வாசலில் வெட்கூக் பொரித்து விற்கிறேன். உள்ளே கொத்துக்கறி வைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும், சும்மா மாவு உருண்டை என்றால் பத்து மணி ஆகும். கூடை காலியானதும் பட்டறைக்குப் போய்க் கூட்டுவேன். இரும்புச் சீவலை வாரித் தகர டின்னில் போடுவது, எண்ணெய்த் துணிகளை அலசுவது, தேநீர் போடுவது. மாமா அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதனால்தான் இத்தனை வருஷம் அந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அவர் ரெஹோபோத் பக்கத்து ஆள். சுமெப் சுரங்கத்தின் பட்டறையில் கடைசல்காரராக இருந்தார். சுரங்கத்தை மூடியபோது மனைவி தன் சொந்தக்காரர்களோடு இருக்கிறேன் என்று மகனை அழைத்துக்கொண்டு ரெஹோபோத்துக்குப் போனார். சுரங்கம் கொடுத்த பணத்தில் மாமா பழைய லேத் ஒன்றை வாங்கியிருந்தார். அது லாரியில் ஏறி இந்த ஊருக்கு வந்தது, அவரும் கூடவே வந்தார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மனைவியிடம் போய்விடுவதாகத்தான் பேச்சு. மகன் இப்போது கேப் டவுனில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். லேத் ஓடும் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும் என்று டிசம்பர் கடைசியில் மாமா லேத்தை ஓட்டுவதேயில்லை.

சுற்றுவட்டாரப் பண்ணைகளில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. குளிர்காலத்தில் வேட்டை விருந்தாளிகள் வருவார்கள். அப்போது மாமாவின் பட்டறையில் வேலை ஓயாது. அவர் செய்த வளையத்தைத் துப்பாக்கியில் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியும். விளிம்புகள் கையைக் கீறாது. திருகின் தலை மேலே துருத்திக்கொண்டு நிற்காது, முள்செடியில் உரசினாலும் மாட்டாது. முன் வளையமும் பின் வளையமும் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்குள் ஓர் உருக்குக் கம்பியை விட்டால் அது தன் கனத்திலேயே வழுக்கிப் போகும், எங்கும் முட்டாது.

அவருக்கு மிகவும் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. வளையம் இரண்டு பாதி. கீழ்ப் பாதியில் குழாயை வைத்து, மேல் பாதியை மூடித் திருகுவார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இருபுறமும் ஒரு சந்து இருக்கும். கடையில் வாங்குகிற வளையங்களில் அந்தச் சந்து சிறியது. மாமா தாராளமாக விட்டிருந்தார். எங்கள் பக்கம் ஸ்கோப்புகள் அப்பன் காலத்தவை, தேய்ந்தவை, அரம் போட்டவை. சந்து பெரிதாக இருந்தால் இன்னும் இறுக்க இடம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

இந்தப் பெருமையை அவர் சொல்லிக்கொண்டது ஒரே ஆளிடம்தான். கவெசெரி. ஊருக்கு வடக்கே லெம்கே பண்ணையில் விருந்தாளிகளை வேட்டைக்கு அழைத்துப்போகிறவர். ஹெரேரோ இனத்துக்காரர், வாசலில் குனிந்து வருகிற உயரம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பை இறைச்சியோடு வருவார். பட்டறைக்குப் பின்னால் பாதியாக அறுத்த டிரம்மில் மோபானி விறகு எரியும். அவர் வருகிற நேரத்துக்குள் மாமா முகம் கழுவி வேறு சட்டை மாற்றியிருப்பார். சோளக்களி கிண்டி வைப்பது என் பொறுப்பு. நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

"மச்சான், உன் வளையம் உன் பொண்டாட்டி மாதிரி இல்ல," என்பார் கவெசெரி, எலும்பைக் கடித்துக்கொண்டே. "பிடிச்சா விடாது."

"உன் வாய் மாதிரியும் இல்ல. வளையத்தை மூட முடியும்."

மாமாவின் மனைவியைப் பற்றி வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கவெசெரி பேசினால் மாமா தோள் குலுங்கச் சிரிப்பார். வாரத்தில் அவர் சிரிப்பது அந்த ஒரு மத்தியானம்தான்.

"நீ எந்த ஸ்கோப்பை வேணா கொண்டா," என்று ஒரு சனிக்கிழமை சொன்னார். "என் வளையம் எதையும் கவ்வும். குழாய் கொஞ்சம் மெலிஞ்சிருந்தாக்கூடக் கவ்வும்."

"பாம்பைக் கொண்டாரேன், கவ்வுமா?"

"கொண்டா. கவ்வலைன்னா உனக்கு ரெண்டு பீர்."

அந்தப் பேச்சு நடந்தது வெயில் காலத்தில். குளிர்காலம் வந்து, ஜூலையில் ஒரு சனிக்கிழமை கவெசெரி வந்தபோது கையில் இறைச்சிப் பை இல்லை. உறையிட்ட துப்பாக்கி ஒன்று இருந்தது.

"கறி எங்கடா?" என்றார் மாமா.

"இந்த வாரம் இல்ல மச்சான்."

துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். டின் நசுங்கும் என்று மாமா எப்போதும் திட்டுவார். அன்று திட்டவில்லை.

நடந்ததைச் சொன்னார். கிராட்ஸ் நகரத்திலிருந்து ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். விமானத்தில் அவருடைய துப்பாக்கி வந்து சேரவில்லை. பண்ணையிலிருந்து இரவல் கொடுப்பதுதான் வழக்கம். இரவல் துப்பாக்கியின் ஸ்கோப் உள்ளே கண்ணாடி பூஞ்சை பூத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. செத்துப்போன லெம்கே முதலாளியின் அலமாரியில் எந்தக் காலத்திலோ ஓர் அமெரிக்க விருந்தாளி விட்டுப்போன ஸ்கோப் இருந்தது. கவெசெரி அதை எடுத்து மாமாவின் வளையத்தில் மாட்டியிருக்கிறார்.

எங்கள் ஊரில் எல்லாத் துப்பாக்கிக்காரர்களுக்கும் தெரியவேண்டிய விஷயம் இது. பழைய ஜெர்மன் ஸ்கோப்பின் குழாய் இருபத்தாறு மில்லிமீட்டர், அந்த வளையமும் அதற்குச் செய்தது. அமெரிக்கக் குழாய் ஓர் அங்குலம், சற்று மெலிது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு நகத்தின் தடிமன்தான் வித்தியாசம். இரண்டு நாட்டுப் பொருளும் ஒரே அலமாரியில் கிடக்கிற எங்கள் பண்ணைகளில்தான் இந்தக் குழப்பம் வரும்.

மாமா திருகுகளைக் கழற்றினார். மேல் பாதியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு தகட்டுப் பட்டை சுருண்டபடி மேஜையில் விழுந்தது. பீர் டப்பாவைக் கத்தரித்தது. ஒரு பக்கம் பச்சை வர்ணம்.

"ரெண்டு சுத்து சுத்தினேன்," என்றார் கவெசெரி. "விருந்தாளி சாயங்காலமே வந்துட்டாரு. உன்கிட்ட ஓடிவர நேரமில்ல. நீதான் சொன்ன, எதையும் கவ்வும்னு."

"சொன்னேன்."

"அட்டையில சுட்டுப் பாத்தோம். விருந்தாளியைச் சுடவச்சுப் பாக்காம நான் யாரையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. அத்தனையும் ஒரே இடம் மச்சான். உள்ளங்கையால மூடிடலாம். அப்புறம் நாள் முழுக்க வண்டி. நம்ம ரோடுதான் தெரியுமே, வாயில பல்லு ஆடும்."

சாயங்காலம் ஓர் ஓரிக்ஸ் மான் எதிர்ப்பட்டிருக்கிறது. குண்டு தோளில் பட வேண்டியது, வயிற்றில் பட்டது. இருட்டும்வரை தடம் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கிய இடத்தில் கொம்பும் தோலும்தான் மிச்சம். எங்கள் பக்கம் ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்துவிட்டால் அந்த மிருகம் விருந்தாளியுடையது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் பணம் கட்ட வேண்டும். கிராட்ஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி உங்களுடையது, பிழையும் உங்களுடையது, ஊருக்குப் போய் வேட்டைச் சங்கத்தில் எல்லாரிடமும் சொல்வேன் என்று கிளம்பிப் போய்விட்டார்.

"திங்கக்கிழமை முதலாளியம்மா இங்க வருது," என்றார் கவெசெரி. "உன்கிட்டதான் கேக்கும், ஏன் நகந்துச்சுன்னு. நீ வளையத்துல பழுதுன்னு சொல்லிடு. இரும்பு சரியில்ல, திருகு விட்டுப்போச்சு, ஏதாவது."

மாமா பட்டையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அது நீவ நீவச் சுருண்டது.

"என் திருகு விடாதே," என்றார்.

"எனக்குத் தெரியும்டா. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? டப்பாவை வச்சது நான்னு தெரிஞ்சா விருந்தாளிங்க கிட்டயே விடாது. மச்சான், என் பிள்ளைங்க அஞ்சு. செத்துப்போன அண்ணன் பிள்ளைங்க ரெண்டு. எல்லாம் ஒரே சட்டியில தின்னுது. உனக்கு யாரு இருக்கா? ஒரு வளையம் கெட்டுப்போச்சுன்னு பேரு வந்தா வரட்டுமே. இன்னொண்ணு செய்வ."

நான் கூட்டிக்கொண்டிருந்த துடைப்பம் நின்றுவிட்டது. கவெசெரி அதை வேண்டுமென்று சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி, உள்ளதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"சல்மீனா," என்றார் மாமா, "அந்தக் கதவைச் சாத்தும்மா. தூசி வருது."

அன்று காற்றே இல்லை. நான் கதவைச் சாத்தினேன். கவெசெரி சற்று நேரம் இருந்துவிட்டு, சோளக்களிகூடத் தொடாமல் எழுந்து போனார்.

ஞாயிறு ஆராதனைக்கு மாமா வரவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் வெட்கூக் கூடையோடு அந்தப் பக்கம் போனபோது பட்டறை திறந்திருந்தது. துப்பாக்கியை மெத்தையிட்ட இடுக்கியில் பிடித்து வைத்திருந்தார். அதே அமெரிக்க ஸ்கோப்பை அதே பட்டையோடு மறுபடி மாட்டியிருந்தார்.

"இங்க வா. இதை இழுத்துப் பாரு."

இழுத்தேன். அசையவில்லை.

"நல்லா இழு. நீ மாவு பிசையற கைதானே."

பலமாக இழுத்தேன். அப்படியே நின்றது. குழாயும் வளையமும் சேருமிடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். மரச்சுத்தியால் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் தட்டத் தொடங்கினார். பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது, ஆனாலும் நின்றேன். கடைசியில் பார்த்தால் பென்சில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. குழாயிலிருந்த பாதி பின்னால் போயிருந்தது.

"கையில பிடிச்சுப் பாத்தா கெட்டியாத்தான் இருக்கு," என்றார். "மேலயும் கீழயும் மட்டும் தொடுது. பக்கத்துல வெறும் காத்து. ஆனா பாக்கறவனுக்குப் பிடிச்சிருக்கேன்னு சொல்லுது. பொய் சொல்லுது இது."

"டப்பா வச்சதாலதானே மாமா?"

"டப்பா வைக்க இடம் இருந்துச்சே. சந்து சின்னதா இருந்தா மேல் பாதி கீழ் பாதியில வந்து முட்டியிருக்கும். குழாய் கடகடன்னு ஆடியிருக்கும். கவெசெரி அப்பவே கழட்டி எறிஞ்சிருப்பான்."

அவர் என்னிடம் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அதுதான் முதல் தடவை. ஞாயிறு முழுக்க அதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்திருப்பார்.

திருமதி லெம்கே பத்து மணிக்கு வந்தார். வண்டி ஓட்டி வந்தவர் கவெசெரி. அவர் உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேநீர்க் கோப்பைகளோடு மூலையில் நின்றேன்.

"சொல்லுங்க மிஸ்டர் க்ளூட்டி," என்றார் அந்த அம்மாள். தொப்பியைக் கழற்றவில்லை. "என் வீட்டுக்காரர் காலத்துலேருந்து உங்க வளையம்தான். ஒருத்தரும் குறை சொன்னதில்ல. இப்ப என்ன ஆச்சு?"

மாமா பட்டையையும் வளையத்தையும் அவர் முன்னால் வைத்தார்.

"இது உள்ள இருந்துச்சு மேடம். ஸ்கோப் இந்த வளையத்தோடது இல்ல. குழாய் சின்னது."

"இதை வச்சது யாரு?"

தெருவில் ஒரு கழுதை வண்டி போனது. மாமா வளையத்தை எடுத்துச் சந்து தெரியும்படி திருப்பிக் காட்டினார்.

"வைக்கிறதுக்கு இடம் விட்டது நான் மேடம். இவ்வளவு சந்து விட்டிருக்கக் கூடாது. தப்பான குழாயைப் போட்டா போடும்போதே தெரியணும். இதுல தெரியாது. அந்தப் பழுது என்னுது."

"நான் அதைக் கேக்கல. யாரு வச்சதுன்னு கேட்டேன்." அந்த அம்மாள் திரும்பினார். "கவெசெரி?"

கவெசெரி தெருவிலிருந்து முகத்தைத் திருப்பினார். மாமாவைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

"இங்கதான் மாட்டிக் குடுத்தாங்க மேடம். பட்டையோடதான் குடுத்தாங்க. போன வாரம்."

மாமா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் எண்ணெய் இல்லை. விரல் விரலாகத் துடைத்தார். அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையும் டிரம்மில் நெருப்பு எரிந்திருக்கும்.

"இல்ல மச்சான்," என்றார், தணிந்த குரலில்.

அவ்வளவுதான் சொன்னார். திருமதி லெம்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குள்ள என்னவோ எனக்கு வேண்டாம். இனிமே வளையம் விண்ட்ஹூக்லேருந்து வரும். கவெசெரி, இந்த சீசன் முடியறவரைக்கும் நீ வேலியைப் பாரு. விருந்தாளிங்க கூட வேற ஆள் போகட்டும்."

வண்டி கிளம்பியது. நான் போட்டு வைத்த தேநீரை யாரும் குடிக்கவில்லை.

அந்த வாரமே மாமா புது வளையம் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி. சந்து ஒரு காகிதம் நுழைகிற அளவுதான். சரியான குழாயை வைத்தால் கால் திருப்பில் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். தப்பான குழாயை வைத்தால் இரண்டு பாதியும் முட்டி நிற்கும், குழாய் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடும். எந்த மடையனுக்கும் கேட்கும். மேலே, கண்ணில் படுகிற இடத்தில், அளவைப் பெரிய எழுத்தில் வெட்டினார். முன்பெல்லாம் அளவு அடியில் இருக்கும், மேலே எழுதினால் அசிங்கம் என்பார்.

பண்ணைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. "உங்க பழைய வளையம் எதையும் பிடிக்குமே பெரியவரே, இது என்ன, புதுப் பொண்ணு மாதிரி ஒண்ணையும் கிட்ட விடமாட்டேங்குது?" என்று ஒருவர் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் சும்மா மாற்றித் தருகிறேன் என்றார். சிலர் கொண்டுவந்தார்கள். அவற்றை லேத்தில் பிடித்துச் சந்தைக் குறைக்க முடியாது. ரம்பத்தால் அறுத்துச் சீவல் டின்னில் போட்டார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கவெசெரி வீட்டுக்குப் போனார். எனக்கும் அந்தத் தெருதான். புது வளையம் ஒரு ஜோடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தேவாலயச் சட்டையோடு நடந்து வந்தார். என் வாசலில் நின்று, "கூட வாயேன் சல்மீனா," என்றார். போனேன்.

கவெசெரியின் மனைவி நீளப் பாவாடையும் மாட்டுக்கொம்பு வடிவத் தலைத்துணியுமாக வாசலுக்கு வந்தார். நாற்காலி போட்டார். சுரைக்குடுக்கையிலிருந்து புளித்த பால் ஊற்றிக் கொடுத்தார்.

"அவரு மாடு பாக்கப் போயிருக்காரு அண்ணே."

"எப்ப வருவான்?"

"தெரியலையே. மாடு எங்க போகுதோ அங்க."

வீட்டின் பக்கவாட்டில் அவருடைய பூட்ஸ் இருந்தது, அப்போதுதான் கழற்றியதுபோல நாடா அவிழ்ந்து. உள் அறையில் யாரோ இருமினார்கள். பிள்ளை இருமல் இல்லை. அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

மாமா பாலை அவசரப்படாமல் குடித்து முடித்தார். துணியைப் பிரித்து வளையங்களை எடுத்தார். கொஞ்சம் சத்தமாக, அறைக்குள்ளும் கேட்கிறமாதிரி, அந்த அம்மாளிடம் சொன்னார்: "இதுல டப்பா வைக்க முடியாதும்மா. அவன்கிட்ட சொல்லு. வச்சா ஆடும். யாரு மாட்டினாலும் தெரிஞ்சிடும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்றேன் அண்ணே."

"நல்ல பாலு."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"போதும்மா."

வளையங்களை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது என் வாசல் வந்தும் நிற்கவில்லை, தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு வாசலிலும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் தொப்பியைத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையங்கள் மறுநாள் ஒரு பையன் கையில் பட்டறைக்குத் திரும்பி வந்தன. அதே துணி, துவைத்து மடித்தது.

அதற்கப்புறம் ஆறு வருஷம் ஆகிவிட்டது. விண்ட்ஹூக்கிலிருந்து வந்த வளையங்கள்தான் இப்போது லெம்கே பண்ணையில். ஓட்ஜிவராங்கோவில் ஒரு துப்பாக்கிக் கடை மட்டும் மாமாவின் புது வளையத்தைத் தொடர்ந்து வாங்குகிறது. அது அவருக்குப் போதும். இதுவரை ஒன்றும் நகர்ந்ததாகப் பேச்சு வரவில்லை. கவெசெரியை அடுத்த சீசனிலும் விருந்தாளிகளோடு விடவில்லை, அதற்கடுத்ததிலும் விடவில்லை. வேலி வண்டிக்கு டீசல் போட மாதத்தில் ஓரிரு தடவை பங்குக்கு வருகிறார். என்னிடம் பிள்ளைகளுக்கென்று வெட்கூக் வாங்குகிறார், விலையில் பேரம் பேசுகிறார், பட்டறைப் பக்கம் திரும்புவதில்லை. மாமா சனிக்கிழமையும் ஐந்து மணிவரை லேத் ஓட்டுகிறார். இருவருக்கும் பேச்சு இல்லை.